குழந்தைகளின் மறுவாழ்வு சிகிச்சை ஆய்வு ஒன்றைப் படிப்பது எப்படி?

பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலியக்கம் தடைபடும் நிலை) உள்ள குழந்தையின் பெற்றோரிடம் புதிய சிகிச்சை ஒன்றை எடுத்துச் சொல்பவர்கள், "இது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். அந்த ஆய்வைத் தேடியெடுத்து, அது உண்மையில் எதை நிரூபித்தது என்று பார்ப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். பணமும் காலமும் மட்டுமல்ல, குழந்தை படும் சிரமமும் இதில் அடங்கியிருப்பதால், பெற்றோரும் இயன்முறை மருத்துவம் பயிலத் தொடங்கியிருக்கும் மாணவர்களும் இதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விளக்கத்திற்காகக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் கூட்டப்பட்ட அறைக்குள் குழந்தையை வைத்துத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சை, பெருமூளை வாதத்திற்குப் பயன்படுமா என்பதை அது சோதித்தது. அதன் முடிவுகள் 2001ஆம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தன.

படி 1: முடிவைப் படிக்காமல் கேள்வியை எழுதுங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் ஆய்வின் தலைப்பைத் தேடினால், சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். அதன் முடிவுப் பகுதிக்குப் போகாமல், எந்தக் குழந்தைகளுக்கு, என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எதை அளந்தார்கள் என்பதை ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். நம் ஆய்வுக்கு அந்த வாக்கியம் இப்படி அமையும்: 3 முதல் 12 வயது வரையுள்ள, பெருமூளை வாதம் கொண்ட 111 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அழுத்தமூட்டிய ஆக்சிஜனும், மற்றவர்களுக்கு லேசாக அழுத்தமூட்டிய சாதாரணக் காற்றும் இரண்டு மாதங்களில் 40 அமர்வுகளாகக் கொடுத்து, உடலியக்கத் திறன் எவ்வளவு மாறியது என்று அளந்தார்கள். நான்கில் ஏதேனும் ஒன்றுக்குக் கட்டுரையில் விடை கிடைக்கவில்லை என்றால், அதுவே முதல் எச்சரிக்கை.

படி 2: அந்தக் குழந்தைகள் உங்கள் குழந்தையைப் போன்றவர்களா?

பெருமூளை வாதம் எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற வகைப்பாடு, குழந்தைகளை உடலியக்கத் திறனின்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைக் குழந்தை தடையின்றி நடக்கும். மூன்றாம் நிலைக் குழந்தைக்கு நடக்கக் கையில் பிடிக்கும் துணைக்கருவி வேண்டும். ஐந்தாம் நிலைக் குழந்தையைச் சக்கர நாற்காலியில் பிறர்தான் நகர்த்த வேண்டியிருக்கும். ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் முதலிரு நிலைகளைச் சேர்ந்தவர்கள் என்றால், அதன் முடிவை ஐந்தாம் நிலைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று சிகிச்சையாளரிடம் இதுவரை கேட்கவில்லை என்றால், அடுத்த முறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எதனோடு ஒப்பிட்டார்கள்?

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது விட்டுவிட வேண்டாம்.

கியூபெக் ஆய்வுக்குச் சற்று முன்னர், 1999இல், 25 குழந்தைகளை வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு வெளிவந்தது. ஆக்சிஜன் சிகிச்சைக்குப் பின் குழந்தைகளின் இயக்கத்திறன் கூடியதாக அது சொன்னது. ஆனால் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. 2001 ஆய்வில் ஆக்சிஜன் பெற்ற குழுவின் உடலியக்க மதிப்பெண் சராசரியாக 2.9 சதவீதம் உயர்ந்தது. இதோடு நிறுத்தியிருந்தால், முந்தைய ஆய்வு உறுதிப்பட்டுவிட்டது என்றே எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெறும் காற்றைச் சுவாசித்த குழுவின் மதிப்பெண்ணும் 3.0 சதவீதம் உயர்ந்திருந்தது. பேச்சு, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றிலும் ஆக்சிஜன் குழு முந்தவில்லை.

இரண்டு குழுக்களும் ஏன் முன்னேறின என்ற விவாதம் அதன் பிறகும் நீடித்தது. லேசான அழுத்தக் காற்றே ஒரு சிகிச்சைதான் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றதால் கிடைத்த ஊக்கமும் கவனிப்புமே காரணம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எந்த விளக்கத்தை ஏற்றாலும், அந்த முன்னேற்றத்தைத் தூய ஆக்சிஜனின் பெயரில் எழுத முடியாது என்பது மாறவில்லை.

குழந்தைகள் விஷயத்தில் ஒப்பீட்டுக் குழு இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், அவர்கள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிடப்பட்ட வளர்ச்சிக் கோடுகளின்படி, முதல் நிலைக் குழந்தைகள் தம்மால் எட்டக்கூடிய இயக்கத்திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக ஐந்து வயதை ஒட்டியும், ஐந்தாம் நிலைக் குழந்தைகள் மூன்று வயதுக்கு முன்பாகவும் அடைந்துவிடுகிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் ஆறு மாதத்தில் தெரியும் முன்னேற்றத்தில் ஒரு பெரும்பங்கு, எந்தப் புதிய சிகிச்சையும் இல்லாமலே வந்திருக்கக்கூடும்.

ஒப்பீட்டுக் குழு இருந்தாலும், அதற்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கிடைத்தது என்று பாருங்கள். நன்றாக இயங்கும் கையைக் கட்டிவைத்து, பலவீனமான கைக்குத் தீவிரப் பயிற்சி தரும் முறையைப் பற்றி அமெரிக்காவில் 2004இல் வெளிவந்த ஆய்வில், 18 குழந்தைகள் இருந்தார்கள். சிகிச்சைக் குழுவுக்கு 21 நாட்கள், நாளுக்கு 6 மணி நேரம் பயிற்சி. மற்றக் குழுவுக்கு வாரத்திற்குச் சில மணி நேரம் வழக்கமான சிகிச்சை. பலன் கட்டியதால் வந்ததா, பயிற்சி நேரத்தால் வந்ததா என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. பின்னர் 2011இல், 42 குழந்தைகளை இரு குழுக்களாக்கி, கையைக் கட்டும் முறைக்கும் இரு கைகளையும் சேர்த்துப் பயிற்றும் முறைக்கும் சமமாக 90 மணி நேரம் கொடுத்தபோது, கைத்திறனில் இரு குழுக்களும் ஒத்த அளவில் முன்னேறின.

படி 4: குழு பிரித்தது யார், அளந்தவருக்கு என்ன தெரியும்?

எந்தக் குழந்தை எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறை தீர்மானித்திருக்க வேண்டும். பெற்றோரின் விருப்பமோ மருத்துவரின் தேர்வோ தீர்மானித்திருக்கக் கூடாது. உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சையில் குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் எந்தக் குழு என்பதை மறைக்க இயலாது. ஆனால் மதிப்பெண் போடுபவருக்கு மறைக்கலாம். வேறொருவர் வீடியோவைப் பார்த்து அளப்பது எளிய வழி. ஆஸ்திரேலியாவில் இருந்து இயங்கும் பெட்ரோ என்ற இலவசத் தரவுத்தளம், இயன்முறை மருத்துவ ஆய்வுகளுக்கு 10க்கு மதிப்பெண் தருகிறது. நீங்கள் படிக்கும் ஆய்வு அங்கே இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் குழுவை மறைக்க இயலாததால், பயிற்சி ஆய்வுகளில் 8 என்பதே மிக உயர்ந்த மதிப்பெண்.

படி 5: அளந்தது வாழ்க்கைக்கு உதவுவதா?

தசை இறுக்கம் குறைந்தது என்பதும், குழந்தை பள்ளிக் கழிப்பறைக்குத் தானே போய்வருகிறது என்பதும் ஒன்றல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற வகைப்பாடு, உடலின் செயல்பாடு, அன்றாடச் செயல்கள், சமூகப் பங்கேற்பு ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. ஒன்றில் கிடைத்த முன்னேற்றம் மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே கட்டுரையில் அளவுகோலின் பெயரைக் கண்டதும், அது இம்மூன்றில் எதை அளக்கிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

படி 6: எண்களைப் பார்க்கும் விதம்

பி மதிப்பு (சிகிச்சைக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு) 0.05க்குக் கீழே இருப்பதை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். வித்தியாசம் எவ்வளவு பெரியது, அந்த அளவு குழந்தையின் நாளில் தெரியுமா, தொடங்கியவர்களில் எத்தனை பேர் இடையில் விலகினார்கள், பக்கவிளைவு என்ன என்பவற்றையும் தேடுங்கள். கியூபெக் ஆய்வில் ஆக்சிஜன் குழுவில்தான் காதுத் தொல்லைகள் அதிகம் இருந்தன. சிகிச்சையை விற்கும் விளம்பரங்களில் இத்தகைய செய்தி இடம்பெறுவது அரிது.

படி 7: மற்ற ஆய்வுகளோடு சேர்த்துப் பாருங்கள்

ஒற்றை ஆய்வை வைத்து முடிவெடுக்காமல், ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் தொகுப்பாய்வுகளைத் தேடுங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவருடைய குழுவினரும் 2013இல் பெருமூளை வாதத்திற்கான 64 சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்குகளைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தார்கள். கையைக் கட்டும் பயிற்சி, இருகைப் பயிற்சி, இலக்கு சார்ந்த பயிற்சி ஆகியவை பச்சையிலும், ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிவப்பிலும் இடம்பெற்றன. இந்தியாவில் நடக்கும் ஆய்வு என்றால், 2007இல் தொடங்கப்பட்ட சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடலாம். எதை அளப்போம் என்று தொடக்கத்தில் பதிந்ததும், கட்டுரையில் அளந்ததாகச் சொல்வதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

படி 8: முயன்று பார்க்க முடிவெடுத்தால்

குழந்தை செய்ய விரும்பும் ஒரே ஒரு செயலை இலக்காக எழுதுங்கள். தொடங்கும் முன் அச்செயலை வீடியோவாக எடுத்து, அந்தச் சிகிச்சையில் தொடர்பில்லாத ஓர் இயன்முறை மருத்துவரை மதிப்பிடச் சொல்லுங்கள். மறுமதிப்பீட்டு நாளையும், எவ்வளவு முன்னேற்றம் இருந்தால் தொடர்வது, இல்லையென்றால் எப்போது நிறுத்துவது என்பதையும் முதல் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே சிகிச்சையாளரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.