முதல் வெட்சூட்: அளவு பார்த்து வாங்குவது எப்படி?

ஸ்கூபா முக்குளிப்புக்கு (சிலிண்டர் காற்றோடு நீருக்கடியில் நீந்துவது) அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டை முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "ரொம்ப டைட்டா இருக்கே, ஒரு சைஸ் பெருசு இருக்கா?" என்பதுதான். அந்தப் பெரிய சைஸ் கடையில் சுகமாகத்தான் இருக்கும். கடலுக்குள் இறங்கிக் கால் மணி நேரம் ஆனதும் முதுகில் சில்லென்று தண்ணீர் ஓடத் தொடங்கும்போது, இறுக்கம் என்று நினைத்து ஒதுக்கியது உண்மையில் சரியான அளவு என்று தெரியவரும். அதற்குள் சூட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

எது சரியான பிடிப்பு, எது ஆபத்தான இறுக்கம் என்று பிரித்தறிவதுதான் இதில் முக்கால்வாசி வேலை. அதற்கு முன் வெட்சூட் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

நனைந்தாலும் குளிராதது ஏன்?

தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 28 டிகிரி கடலிலும் முக்கால் மணி நேரத்தில் பல் தந்தியடிக்கிறது. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் வெட்சூட்டை வடிவமைத்தபோது பிடித்த சூட்சுமம் இது: உடம்பு நனையாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, துணிக்குள் வாயுக் குமிழிகள் இருந்தால் போதும், அவை சூட்டை வெளியே விடாது. நியோப்ரீன் என்பது அப்படி லட்சக்கணக்கான நுண்குமிழிகள் அடைபட்ட ரப்பர்.

தோலுக்கும் சூட்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் புகுந்துகொள்ளும். அதை உடம்பு ஒருமுறை சூடாக்கிவிடும். அந்தத் தண்ணீர் அங்கேயே நின்றால் குளிர் தெரியாது. சூட் தொளதொளவென்று இருந்தாலோ, ஒவ்வொரு முறை காலை உதைக்கும்போதும் பழைய தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். உடம்பு மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொளதொளத்த 5 மி.மீ. சூட்டைவிட, ஒட்டிய 3 மி.மீ. சூட் கதகதப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 1: தடிமனை முடிவு செய்யுங்கள்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். தண்ணீர் 27 டிகிரிக்கு மேல் இருந்தால் 2 அல்லது 3 மி.மீ., 23 முதல் 27 வரை என்றால் 3 முதல் 5 மி.மீ., 18 முதல் 23 வரை 5 முதல் 7 மி.மீ. அதற்கும் கீழே போனால் தலையுறையும் வேண்டும். 10 டிகிரி அளவுக்குப் போனால் உள்ளே தண்ணீரே புகாத டிரைசூட்தான். புதுச்சேரி, அந்தமான், திருகோணமலை, மலேசியாவின் தியோமான் போன்ற வெப்பக்கடல்களில் இறங்கப்போகும் புதியவருக்கு 3 மி.மீ. முழுச் சூட் போதும். அட்டையில் 5/3 என்று போட்டிருந்தால் மார்பு, முதுகுப் பகுதி 5, கை கால் 3 என்று பொருள்.

அரைக்கை, அரைக்கால் ஷார்ட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனாலும் முழுச் சூட்டுக்கே எங்கள் ஓட்டு. வங்காள விரிகுடாவில் சொறி (இழுது மீன்) கொட்டினால் அந்த ஒரு நாளே பாழ். பவளப்பாறையில் முழங்கால் உரசினால் காயம் ஆற வாரக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் முழுச் சூட் தடுப்பு. தண்ணீரின் மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருந்தாலும், கீழே திடீரென்று குளிர்ந்த நீரடுக்கு ஒன்று எதிர்ப்படுவதும் உண்டு. தெர்மோக்ளைன் என்பார்கள்.

இன்னொரு விஷயம். இணையக் கடைகளில் 'வெட்சூட்' என்ற பெயரில் விற்கும் பலவும் வெறும் லைக்ரா நீச்சலுடை. கொட்டலையும் வெயிலையும் தடுக்கும், குளிரைத் தடுக்காது. விவரப் பகுதியில் நியோப்ரீன் என்றும் மி.மீ. அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். அலைச்சறுக்கு சூட்டின் நியோப்ரீன் மென்மையாக நீளும், ஆனால் ஆழத்து அழுத்தத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். டிரையத்லான் சூட்டின் வழவழப்பான மேல்தோல் சிலிண்டர் பட்டைகள் உரசியே கிழியும். ஸ்கூபாவுக்கென்று செய்ததையே கேளுங்கள். முழங்காலில் தடித்த பட்டை இருக்கிறதா என்று பார்ப்பது ஓர் எளிய அடையாளம்.

படி 2: இன்ச் டேப்பை எடுங்கள்

உள்ளாடையோடு நின்று, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தானே அளந்தால் கை தூக்கும்போது மார்பளவு மாறிவிடும். உயரம், எடை, கழுத்துச் சுற்று, மார்பின் அகன்ற பகுதி, இடுப்பு, பின்புறத்தின் அகன்ற பகுதி, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை உள்ள நீளம் ஆகிய ஏழும் வேண்டும். டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்காதீர்கள். கடலில் அப்படியே முக்கால் மணி நேரம் இருக்க முடியாது.

சட்டைக்கு எல் சைஸ் என்பதால் சூட்டும் எல் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அளவுப் பட்டியல். பெண்களுக்கான சூட்டில் அமெரிக்க எண்கள் (8 போல) ஒரு வரிசை, ஐரோப்பிய எண்கள் (38 போல) வேறு வரிசை. அளவுகள் இரண்டு சைஸுக்கு நடுவே விழுந்தால் ஆண்கள் மார்பையும், பெண்கள் மார்பு, பின்புறம் இரண்டையும் முதலில் பொருத்திப் பாருங்கள். கை கால் நீளம் கடைசி. எம்.எஸ். என்றால் மீடியம் அகலம், குட்டை உயரம், எம்.டி. என்றால் அதே அகலம், நெட்டை உயரம்.

மார்புக்கு எல், தொப்பைக்கு எக்ஸ்எல் என்று வரும் உடல்வாகு நம்மிடையே அதிகம். தொப்பைக்காக எக்ஸ்எல் எடுத்தால் கழுத்திலும் முதுகிலும் தண்ணீர் ஓடும். இவர்கள் அளவெடுத்துத் தைப்பவர்களிடம் போவதே நல்லது. அல்லது மேல் கீழ் தனித்தனியாக வரும் இரண்டு துண்டு சூட்டைப் பார்க்கலாம்.

படி 3: போடத் தெரிந்து போடுங்கள்

தவறாகப் போட்டால் சரியான சைஸும் சிறியதாகத் தோன்றும். முதலில் வளையல், மோதிரம், கைக்கடிகாரம், மெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மெட்டியைக் கழற்ற முடியாது என்பவர்கள் அதன்மேல் டேப் சுற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் உள்துணியில் மாட்டி இழுத்துவிடும். அரைஞாண் கயிற்றின் முடிச்சு சூட்டுக்குள் இடுப்பில் அழுந்தி வலிக்கும், அதையும் கவனியுங்கள். சடையைக் கொண்டையாக்குங்கள். உள்ளே நீச்சலுடை மட்டும். பருத்தி டி-சர்ட் சுருண்டு கட்டிக்கொள்ளும்.

முதுகு ஜிப் வைத்த சூட்டில் ஜிப் பின்னால் வரும். சிரிக்காதீர்கள், கோட் போல முன்பக்கம் ஜிப் வைத்துப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் எல்லா டைவ் சென்டரிலும் உண்டு. முழங்கால் பட்டை முன்னால் இருந்தால் சரி.

மேல்பாதியை இடுப்பு வரை வெளிப்புறமாக மடித்துவிட்டு உட்காருங்கள். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக் காலை நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். விளிம்பு கணுக்காலுக்கு வந்ததும் கவரை உருவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். நகத்தால் கிள்ளி இழுக்கக் கூடாது. நியோப்ரீனில் பிறைநிலா வடிவில் வெட்டு விழும். விரல் நுனியின் சதைப்பகுதியால், துணியைக் கொத்தாகப் பிடித்து ஏற்ற வேண்டும். முழங்கால் பட்டை முழங்காலில் உட்கார்ந்ததும் தொடை. பிறகு எழுந்து நின்று, தொடை இடுக்கில் இடைவெளியே இல்லாதபடி ஏற்றுங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். இடுக்கில் மூன்று விரல் இடைவெளி விட்டால் அந்த மூன்று விரல் நீளம் தோளில் குறையும், ஜிப் ஏறாது, "சூட் சின்னது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஜிப் ஏறவில்லை என்றால் சைஸை மாற்றும் முன் காலைச் சரிபாருங்கள்.

கைகளும் அப்படியே. அக்குளில் துணி தொடும்வரை ஏற்றுங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் நெருக்கிக்கொண்டு, ஜிப்பின் அடியை ஒருவர் பிடிக்க, மேலே இழுங்கள். உள்மடிப்பு சுருளாமல் படிந்திருக்க வேண்டும். முதல் முறை பத்து நிமிடம் ஆனால் அது இயல்பு. வியர்த்த உடம்பில் இன்னும் கஷ்டம். வழுக்குவதற்கு பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், நியோப்ரீனுக்கு ஆகாது. தண்ணீரில் கரைத்த குழந்தை ஷாம்பு போதும்.

படி 4: தலை முதல் கால் வரை சோதனை

கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். கூட ஒருவர் இருப்பது அவசியம்.

கழுத்து: பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு தாராளமாக நுழைந்தால் தளர்வு. இங்கே மட்டும் இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்தின் இருபுறமும் உள்ள கரோட்டிட் தமனிகளை அழுத்தினால், இரத்த அழுத்தம் கூடிவிட்டது என்று உடம்பு தப்புக்கணக்குப் போட்டு இதயத் துடிப்பைக் குறைக்கும். தலை சுற்றும், மயக்கம் வரும். தண்ணீருக்கடியில் மயங்குவது விளையாட்டல்ல. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள்.

மார்பு: நுரையீரல் நிறைய மூச்சிழுங்கள், அப்படிப் பத்து முறை. பாதியில் தடுத்தால் சூட் சிறியது. தண்ணீரின் அழுத்தமும் சேரும்போது மூச்சு மேலோட்டமாகும், கரியமில வாயு தேங்கும், காரணம் தெரியாமல் பதற்றம் வரும். புதியவர்களுக்கு அந்தப் பதற்றம்தான் பெரிய எதிரி.

கீழ்முதுகு: யாரும் பார்க்காத இடம், அதிகம் தண்ணீர் தேங்கும் இடமும் இதுதான். முதுகெலும்பு உள்வாங்கும் அந்த வளைவில் சூட் பாலம் போல நின்றுவிடும். துணைக்கு வந்தவரை அங்கே உள்ளங்கையால் தட்டச் சொல்லுங்கள். பொதபொதவென்று காற்று அமுங்கினால் தண்ணீருக்குள் அங்கே ஒரு குட்டையே நிற்கும். விரல்களால் கிள்ளினால் கொத்தாகத் துணி வரக் கூடாது.

தோளுக்கு, உங்களை நீங்களே கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள். கை தானாகக் கீழே இறங்கப் பார்த்தால் உடற்பகுதி குட்டை. முழங்காலுக்கு, குந்தி எழுங்கள். மடக்கும்போது பின்னால் சுருக்கம் விழுவது சரி. நிமிர்ந்து நிற்கும்போதும் தடித்த மடிப்பு கிடந்தால் சூட் நீளம். மணிக்கட்டில் விரல்கள் மரத்தால் இறுக்கம்.

வயிற்றுப் பக்கம் துணியைப் பிடித்து இழுத்துவிடுங்கள். டப்பென்று போய் ஒட்ட வேண்டும்.

கை கால் மட்டும் நீளமாக இருந்து மற்றதெல்லாம் பொருந்தினால் தாராளமாக எடுக்கலாம். நியோப்ரீன் நூல் பிரியாது. தண்ணீர் புகாமல் தடுக்கும் தனிப் பட்டை இல்லாத விளிம்பாக இருந்தால் கூரான கத்தரியால் 2 செ.மீ. வெட்டிவிடலாம். இடுப்பையும் முதுகையும் அப்படிச் சரிசெய்ய முடியாது.

கடையில் காய்ந்த சூட் பிடிப்பது போல் தண்ணீரில் பிடிக்காது. நனைந்தால் கொஞ்சம் இளகும், நாலைந்து டைவில் இன்னும் கொஞ்சம் நீளும். அதனால் கழுத்தும் மூச்சும் சரியாக இருக்கும்வரை, மற்ற இடங்களில் 'கொஞ்சம் அதிகமோ' என்று தோன்றும் பிடிப்பையே எடுங்கள்.

படி 5: தண்ணீரில் உறுதி செய்யுங்கள்

இறங்கியதும் ஜிப் வழியாக ஒரு சில்லிப்பு ஓடும். ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் சரி. ஒவ்வொரு உதைக்கும் புதிதாகச் சில்லிட்டால், அல்லது ஏறி வரும்போது பின்புறத்தில் பை போலத் தண்ணீர் தொங்கினால், சைஸ் பெரியது.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒரு சோதனை கூடுதலாகச் செய்யுங்கள். சூட்டை இரண்டு விரலால் அழுத்திவிட்டால் உடனே உப்ப வேண்டும். அழுந்திய தடம் அப்படியே நின்றால் குமிழிகள் செத்துவிட்டன. பெயருக்குத்தான் அது 3 மி.மீ. ஜிப்பின் பற்கள், தொடை இடுக்குத் தையல் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். படகில் வெயிலில் காத்திருக்கும்போது ஜிப்பைத் திறந்தே வையுங்கள், வெப்பத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

சூட் மாறினால் எடையும் மாறும்

குமிழிகள் சூட்டை மிதக்க வைக்கும். தடிமன் கூடக் கூட, கீழே இறங்குவதற்காக இடுப்புப் பட்டையில் கோக்கும் ஈய எடையும் கூடும். கடல் மட்டத்தில் 1 பார் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் 2 பார், குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் 3 பார், மூன்றில் ஒரு பங்கு. சூட் மெலிந்து மிதவையும் குறையும், அதை பி.சி.டி.யில் (மிதவையைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்று சேர்த்து ஈடுகட்ட வேண்டும். புதுச் சூட்டோடு முதல் நாள், சிலிண்டரில் 50 பார் மிஞ்சியிருக்கும்போது பி.சி.டி.யைக் காலி செய்து, சாதாரணமாக மூச்சை நிறுத்தி நிமிர்ந்து மிதந்து பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெல்ல இறங்க வேண்டும். நெற்றிக்கு மேலே போனால் ஒரு கிலோ கழற்றுங்கள், முகவாய்க்குக் கீழே நின்றால் ஒரு கிலோ சேர்த்து மறுபடி பாருங்கள். கிடைத்த எண்ணையும் சூட்டின் தடிமனையும் அன்றைக்கே லாக் புத்தகத்தில் (டைவ் குறிப்பேடு) எழுதிவையுங்கள். அடுத்த ஊரில் டைவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் முதலில் கேட்பது அதைத்தான்.