தர்மபுரி கடைத்தெருவில் டி-ஷர்ட் எடுக்கும் முன்

பனியன், டி-ஷர்ட்டுக்குத் திருப்பூர். துண்டு, லுங்கிக்கு ஈரோடு, குமாரபாளையம் பக்கம். பின்னல், சாயம், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை முன்பே அழுத்திச் சுருக்குவது), தையல் எல்லாம் ஒரே ஊரில் முடிவதுதான் திருப்பூரின் பலம்.

தோளைப் பிடித்துத் தூக்குங்கள். ஓரத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் வேண்டாம். நூல் முறுக்கு அடங்காத துணி, துவைத்தால் இன்னும் கோணும். அடர் நிறமா? ஈர வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் 10 தடவை தேய்த்துப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

வீட்டில், முதல் துவையலுக்கு முன் நீளவாக்கில் 50 செ.மீ. குறித்து வையுங்கள். காய்ந்தபின் 47.5-க்குக் கீழே போனால் சுருக்கம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் காம்பாக்டிங்கில் கோட்டை விட்டிருப்பார்கள். அடுத்த முறை ஒரு சைஸ் கூட்டி எடுங்கள்.

பருத்தியா என்று சந்தேகமா? உள்மடிப்பு நூலொன்றைக் கொளுத்துங்கள்: பருத்தி காகிதம்போல் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.