பழைய லினக்ஸில் கம்பைலர் நூலகங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையின் கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவைத்த கணினிகள் உண்டு. அதில் இருப்பது லினக்ஸின் ஒரு வகையான சென்ட்ஓஎஸ் 7 என்றால், 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. வழக்கமான வேலைக்கு அதனால் குறையில்லை. புது மென்பொருள் ஒன்றை ஏற்றினால்தான் 'ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ் 3.4.20 கிடைக்கவில்லை' என்று முரண்டு பிடிக்கும். அது சி++ நூலகத்தின், அதாவது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பின், பதிப்புக் குறி. சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்த கம்பைலர் (எழுதிய நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கருவி) ஜிசிசி 4.8.5, அதன் சி++ நூலகத்துக்கு 3.4.19 வரைதான் தெரியும்.

உடனே பலர் செய்கிற காரியம், புதிய உபுண்டுவிலிருந்து அந்த நூலகத்தை பென் டிரைவில் கொண்டுவந்து பழையதன் மேல் போடுவது. சி++ நூலகத்தின் புதிய பதிப்பு பழைய நிரல்களையும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால், வந்த கோப்பு தனக்குப் புதிய ஜிலிப்சி (ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) வேண்டும் என்று கேட்கும். இங்கே இருப்பதோ 2.17. சரி, அதையும் மாற்றிவிடுவோம் என்று கை வைத்தால், கிணற்றுக்குள் ஆள் தொங்கும்போது மேலே கயிற்றை மாற்றிய கதைதான்: கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளைகூட எழாது. மீட்பு டிஸ்க்கைத் தேட வேண்டியதுதான்.

புதிய கம்பைலர் வேண்டுமென்றால் டெவ்டூல்செட் என்ற புதிய கம்பைலர் தொகுப்பைத் தனியாக நிறுவுங்கள். அது அமைப்பின் நூலகத்தைத் தொடாது. அந்தப் பழைய நூலகத்தில் இல்லாத பகுதிகளை மட்டும் நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடும். மென்பொருளை இறக்கி நிறுவும் 'யம்' கட்டளை பழைய முகவரிகளில் தேடித் தோற்கும் என்பதால், முதலில் அதைப் பழைய பதிப்புகள் இருக்கும் வால்ட் காப்பகத்துக்குத் திருப்ப வேண்டும்.

ஒரு நுணுக்கம்: 2015-இல் வந்த ஜிசிசி 5, சி++ சரங்களின் (எழுத்துத் தொடர்களை வைக்கும் 'ஸ்ட்ரிங்') உள்ளமைப்பை மாற்றியது. சென்ட்ஓஎஸ் 7-இல் டெவ்டூல்செட் பழைய உள்ளமைப்பையே பின்பற்றும். வேறு இடத்தில் கட்டிய (கம்பைல் செய்த) நூலகத்தை இணைக்கும்போது பிழைச் செய்தியில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' தென்பட்டால், கோளாறு உங்கள் நிரலில் அல்ல, இந்தப் பொருத்தமின்மையில்தான். அந்த நூலகத்தையும் இதே கம்பைலரில் கட்டிக்கொள்ளுங்கள்.

தொகுப்புகளை நிறுவும் ஆர்பிஎம் கருவியை, 'தேவையான மற்றவை இருக்கிறதா என்று பார்க்காதே' என்னும் 'நோடெப்ஸ்' தெரிவால் வாயடைப்பது வெட்டி வேலை. நிறுவும்போது வர வேண்டிய பிழை ஓட்டும்போது வரும். நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை எல்லோருக்குமான புரொஃபைலில் (லாகின் செய்யும்போது ஓடும் கோப்பில்) எழுதுவது இன்னும் மோசம், சம்பந்தமே இல்லாத நிரல்களும் அங்கே குறித்த நூலகத்தில் போய் விழும். தேவைப்படும் நிரலின் தொடக்க ஸ்கிரிப்ட்டில் மட்டும் எழுதினால் போதும்.

பல கணினிகளுக்கு ஒரே நிரலைக் கொடுப்பதாக இருந்தால், இருப்பதிலேயே பழைய கணினியில் கட்டுங்கள். ஜிலிப்சி 2.17-இல் கட்டியது பொதுவாகப் புதிய ஜிலிப்சியிலும் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் பொதுவாக ஓடாது.