ஏரிக்கரை நடை: காற்றைப் பாராமல் கிளம்பாதீர்கள்

செப்டம்பர் கடைசியில் ரொறன்ரோவின் ஏரிக்கரைக்குப் போனால், யூனியன் ஸ்டேஷன் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வருவார்கள். அரைக்கைச் சட்டை, தள்ளுவண்டியில் குழந்தை, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா. போன ஞாயிறும் பார்த்தேன். 12 வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழைகளை விடுகிறார்கள். நல்ல சப்பாத்து போடுங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிளம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் வீடு இருக்கும் ஸ்காபரோவில் அன்று நல்ல வெய்யில். ஜாக்கெட் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஸ்பெடைனா தெருவின் அடியில் தொடங்கி, கரையோரத் தெருவான குவீன்ஸ் கீ வழியே கிழக்கே சுகர் பீச் வரை இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தோம். குளிரே தெரியவில்லை. காற்று போகும் திசையில்தான் நாங்களும் போனோம், எப்படித் தெரியும்?

சுகர் பீச்சுக்குப் பக்கத்திலேயே ரெட்பாத் சீனி ஆலை. 1959இல் திறந்தது. சுற்றியுள்ள கரை பூங்காவாக மாறியபிறகும் அங்கே கப்பலில் சீனி வந்து இறங்குகிறது. அன்றும் ஒரு கப்பல் நின்றது. கிரேனின் வாளி கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, வாயை மூடிக்கொண்டு, ஓரங்களில் மண்நிறச் சீனி சொரியச் சொரிய மேலே வரும். பெரியப்பா வெள்ளைக் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்திருந்து ஒவ்வொரு வாளியாக எண்ணினார். ஒரு மணி நேரம் போயிற்று. நடந்த வியர்வையில் சட்டை ஈரமாகவே இருந்தது.

எழுந்து மேற்கே திரும்பியதும் முகத்தில் அடித்தது. "இது கச்சான் அல்லோ!" என்றார். மேல்காற்றுக்கு ஊரில் அதுதான் பெயர். அவருக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. குளிர்காற்று பட்டால் மூச்சுக்குழாய் சுருங்கும். பம்ப் வீட்டில் கிடந்தது. பே தெரு வருமுன்பே நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. பயணக் காப்புறுதியும் எடுத்திருக்கவில்லை. விருந்தாளியாக வந்தவருக்கு மாகாண மருத்துவக் காப்பு கிடையாது. மருத்துவச் செலவு முழுவதும் கையிலிருந்து போனது. காசு போகட்டும். மிச்சமிருந்த இரண்டு கிழமையும் மனிசன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு ஊருக்குப் போனார்.

ஏன் இப்படி? ரொறன்ரோ இருப்பது ஒன்ராறியோ ஏரியின் வடகரையில். மேல்காற்று பலமாக, விடாமல் வீசினால் மேலே இருக்கும் சூடான தண்ணீர் கரையை விட்டு விலகிப்போகும். அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அப்புறம் கரையோரக் காற்றின் குணமே வேறு. அதனால் வீட்டு வாசல் வெப்பநிலையை நம்பாதீர்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வயதானவர்களுக்கு ஜாக்கெட்டும் மருந்தும் கையிலேயே இருக்கட்டும்.

சுகர் பீச்சுக்கு நீச்சலுடை

குளிக்கும் கரை அல்ல. மணலும் 36 இளஞ்சிவப்புக் குடைகளும்தான்.

தண்ணீரை மட்டும் பார்ப்பது

ஒரு காலத்தில் ஃப்ரண்ட் தெருதான் ஏரிக்கரை. அதற்குத் தெற்கே நீங்கள் மிதிப்பதில் பெரும்பகுதி ஏரியைத் தூர்த்து எடுத்த நிலம். கடைகளும் வீடுகளும் இருக்கும் குவீன்ஸ் கீ டெர்மினல் 1920களில் கட்டிய சரக்குக் கிடங்கு. ஒரு பகுதி குளிரூட்டிய களஞ்சியம். பாதர்ஸ்ட் தெருவின் அடியில் நிற்கும் கொங்கிரீட் குதிர்கள் மோல்ட் செய்யும், அதாவது முளைக்கவைத்து உலர்த்தும், பார்லியைக் கொட்டி வைத்தவை. அந்தக் குதிர்களின் அடியில் ஒருமுறை நின்று அண்ணாந்து பாருங்கள். இந்தக் கரை எதற்காக இருந்தது என்று எந்தப் பலகையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

செப்டம்பரில் இலை நிறம் தேடுவது

ஏரியோரத்தில் அக்டோபர் பிற்பாதியில் வாருங்கள்.

சைக்கிள் பாதையில் நின்று படம் எடுப்பது

வேண்டாம்.

முடிக்கும் இடத்தை யோசிக்காமல் தொடங்குவது

இப்போது நான் பஸ்ஸில் சுகர் பீச்சுக்குப் போய் இறங்கி, கால் களைக்கும் முன்பே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மேற்கே நடக்கிறேன். குவீன்ஸ் கீயில் ஸ்ட்ரீட்கார் ஓடுவது பே தெருவுக்கு மேற்கேதான். யாருக்காவது இயலாமல் போனால் அடுத்த நிறுத்தத்தில் ஏற்றிவிடலாம். கீழ்காற்று அடிக்கும் நாளில் ஸ்பெடைனாவிலிருந்து தொடங்குவேன். அன்றைக்குப் பஸ் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்வேன்.