குதிரை லத்தியைப் பார்க்காமல் கூட்டாதீர்கள்

கல்யாண ஊர்வலத்துக்கு, வண்டிப் பந்தயத்துக்கு என்று மதுரையைச் சுற்றிப் புதிதாகக் குதிரை வாங்கிக் கட்டுகிறவர்களிடம் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. நிழல் வேண்டும், தரை ஈரமாக இருக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

விடிந்ததும் லத்தியை அள்ளிக் கொட்டுவது

குதிரையைக் காவு வாங்கும் தவறு இதுதான். எங்கே பார்த்தாலும் ஆத்திரம் வருகிறது. வேலைக்கு வரும் பையன் ஐந்து மணிக்கே கூட்டி அள்ளி உரக்குழியில் போட்டுவிடுகிறான். முதலாளி ஏழு மணிக்கு வரும்போது லாயம் பளிச்சென்று இருக்கிறது, அவருக்கும் திருப்தி. ராத்திரி குதிரையின் வயிறு எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

நல்ல நிலையில் உள்ள குதிரை நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். காலையில் நாலைந்து குவியலாவது கிடக்க வேண்டும். ஒன்றிரண்டுதான் என்றால் குடல் மந்தமாகியிருக்கிறது. சித்திரை வெயிலில் வெறும் வைக்கோலைப் போட்டுத் தண்ணீரையும் குறைத்தால், தீனி பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்து உருள்வது எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அது வரைக்கும் காத்திருந்தால் பல மணி நேரத்தை இழந்துவிடுகிறோம்.

எண்ணிவிட்டு ஓர் உருண்டையை உடைத்தும் பாருங்கள். லேசான ஈரத்தோடு உதிர்ந்தால் சரி. சின்னதாக, கெட்டியாக, மேலே சளி படிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. சாணி மாதிரி இளகியிருந்தால் தீனியைத் திடீரென்று மாற்றியிருப்பீர்கள். புதுத் தீனியை ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். கொள்ளு முழுசாக வந்தால் குதிரையின் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள். தீனியைத் தரையில் கொட்டுகிற லாயமானால், ஒரு பிடி லத்தியைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு கலக்கிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் தங்கினால் அது குடலிலும் தங்குகிறது என்று அர்த்தம்.

லத்தி குறைந்தால் தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீரை எடுக்காதீர்கள். விலாவின் இரண்டு பக்கமும் காதை வைத்துப் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கேளுங்கள். குடல் சத்தமே இல்லையென்றால் உடனே டாக்டர். அரசு நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. கடைசியாக லத்தி போட்ட நேரம், குடித்த தண்ணீர், நாடித்துடிப்பு மூன்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த நேரத்தில்தான் யாராவது நல்லெண்ணெய் பாட்டிலோடு வருவார்கள். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினால் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். எண்ணெய் தேவையென்றால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு டாக்டர் கொடுப்பார். டாக்டரைக் கேட்காமல் வலி ஊசி போடுவதும் கூடாது. வலி அடங்கிக் குதிரை நிற்கும், உள்ளே குடல் முறுக்கியிருந்தால் அது வெளியே தெரியாது.

உங்கள் குதிரையின் கணக்கு தெரியாமல் இருப்பது

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இது பொதுக் கணக்கு. 30 துடிக்கிற குதிரைக்கு 44 என்பது கோளாறு. ஒரு வாரம் காலையில், தீனிக்கு முன்பு எடுத்துச் சுவரிலேயே எழுதுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் கயிறு மாதிரி உருளும் ரத்தக்குழாயை இரண்டு விரலால் லேசாக அழுத்தி, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரல் வேண்டாம், உங்கள் நாடியே தட்டும். ஓய்வில் 60ஐத் தாண்டினால் அது அவசரம்.

எல்லாக் குதிரைக்கும் ஒரே தொட்டி

எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியாது. குதிரைக்கு இரண்டு வாளி என்று தனித்தனியாக வையுங்கள்.

கோழித் தீவனம், மாட்டுத் தீவனம்

வேண்டாம். கோழி, மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத் தசை கெட்டுச் செத்துப்போகும்.

விட்டு விட்டு வரும் காய்ச்சலை வெயில் என்று சொல்வது

கூடவே உடம்பு இளைத்துக் கால் வீங்கினால், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆணிக் காயத்துக்கு மஞ்சளோடு நிறுத்திக்கொள்வது

ரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டாக வேண்டும்.

ஊர்வலம் முடிந்ததும் கட்டிவிட்டுப் போவது

சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது தப்பு. குடிக்க விடுங்கள். மேலேயும் விடாமல் ஊற்றுங்கள். கொள்ளு மட்டும் ஒரு மணி நேரம் கழித்து. பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே இறங்க வேண்டும். அரை மணி ஆகியும் இறங்கவில்லை, அல்லது ஈறு காய்ந்து, விரலால் அழுத்திய இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மறுநாள் ஊர்வலத்தை விட்டுவிடுங்கள், அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.