நீலகிரியில் ராக், எமோ ஆல்பங்களைக் கூடிக் கேட்டுக் கருத்துப் பரிமாறுவது எப்படி

ராக் இசையையோ, மனத்துயரைக் கொட்டிப் பாடும் அதன் கிளையான எமோவையோ விரும்பும் ரசிகர்கள் நான்கு பேர் ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு டீக்கடையில் கூடினால், பிடித்த ஆல்பங்களைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்திற்குள் ‘செம’, ‘மொக்கை’ என்ற இரண்டு சொற்களில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதற்குக் காரணம் ரசனைக் குறைவு அன்று. ஒருவர் அந்த ஆல்பத்தைக் கல்லூரி விடுதியில் இரவெல்லாம் கேட்டவராக இருப்பார். இன்னொருவர் அதிலுள்ள ஒரே பாட்டின் முப்பது நொடியை ரீல்ஸில் கேட்டவராக இருப்பார். ஆகவே கருத்துச் சொல்வதற்கு முன், எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்து ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். சொல்லும் ஒவ்வொரு கருத்தையும் அந்த ஆல்பத்தில் ஏதேனும் ஓர் இடத்தைச் சுட்டிச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒரு மலைவீட்டுக் கூடத்தில் நடத்திக் காட்டுவதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரிந்து, மூலையில் ஒரு தனிக் கச்சேரி தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். ஏனெனில் ஆறு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட முடியும். கோத்தகிரிப் பக்கமும் குன்னூர்ப் பக்கமும் இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டப் பாதைகளில் காட்டெருமையும் கரடியும் இறங்குவது வழக்கமான செய்தி; பாட்டின் மயக்கத்தில் காதில் இயர்போனோடு தனியாக நடந்து போகிற ரசிகரை அவை மன்னிப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசல் காரணமாக நண்பர்கள் வந்து சேரவே பாதி நாள் ஆகிவிடும் என்பதால், அவ்விரு மாதங்களிலும் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது.

சமவெளியில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்காத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. நம் வீடுகள் பலவற்றுக்குத் தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் மெல்லிய கிட்டார் ஓசை எதுவும் காதில் விழாது. ஒலியைக் கூட்டினால் பாட்டோசையும் மழையோசையும் சேர்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். எனவே ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பருவத்தையும் பார்க்க வேண்டும். ஊட்டியிலும் கூடலூரிலும் ஆனி, ஆடி மழை கடுமையாக இருக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். மழைக்காலத்துக்கு மை கெமிக்கல் ரொமான்ஸ் போன்று உரத்து முழங்கும் குழுக்களை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் ஃபுட்பால் குழுவின் 1999 ஆம் ஆண்டு ஆல்பத்தைப் போன்று விரல் நுனியில் நடக்கும் இசையைத் தை, மாசி மாதங்களின் வறண்ட பிற்பகல்களுக்கு ஒதுக்குங்கள். கூடத்தில் எதிரொலி மிகுந்தால், ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் தடித்த கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டாலே பெரிய வேறுபாடு தெரியும். குளிர் ஊரில் கம்பளிக்குப் பஞ்சமில்லை.

கருவியைப் பொறுத்தவரை ஆடம்பரம் தேவையில்லை, ஆயத்தம் தேவை. பள்ளத்தாக்கு வீடுகளில் சிக்னல் போய்ப் போய் வருமாதலால், ஆல்பத்தை முதல் நாளே போனில் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஷஃபிள் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு குழைத்துவிடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, புளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். இல்லையெனில் உச்சக்கட்டத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ‘டிங்’ ஓசை ஸ்பீக்கரில் முழங்கும். மின்சாரம் போனாலும் நிற்காதபடி பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கராக இருந்தால் நல்லது. டீலக்ஸ் பதிப்புகளில் இறுதியில் ஒட்டப்பட்டிருக்கும் கூடுதல் பாட்டுகளைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பால் ஆல்பம் ஒன்பது பாட்டுகளோடு முடிந்துவிடுகிறது. 2014 இல் வந்த மறுபதிப்பின் ஒத்திகைப் பதிவுகளையும் தொடர்ந்து ஓடவிட்டால், முடிவு எங்கே என்றே கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும். இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் பூஞ்சணம் பிடிக்காமல் இசைத்தட்டு அலமாரியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதோடு, வர்க்கி பிஸ்கட் வைத்த தட்டை இசைத்தட்டுச் சுழலும் கருவியிலிருந்து இரண்டு கை தொலைவில் வைக்கவும் வேண்டும். வர்க்கி எவ்வளவு கவனமாகக் கடித்தாலும் உதிரும்.

முதல் கூட்டத்துக்கு எந்த ஆல்பம்? எல்லோரும் ஏற்கெனவே கொண்டாடுவதை எடுக்காதீர்கள். பாராட்டுரை கேட்க யாரும் கம்பளி போர்த்திக்கொண்டு மேடேறி வர வேண்டியதில்லை. என் தேர்வு வீசர் குழுவின் ‘பிங்கர்ட்டன்’. ஏறத்தாழ 35 நிமிடந்தான், பத்தே பாட்டுகள். அதைவிட முக்கியமானது, கருத்து என்பதே எப்படிப் புரளும் என்பதை இந்த ஆல்பத்தின் வரலாறு காட்டிவிடுகிறது. 1994 இல் வந்த முதல் ஆல்பம் பெருவெற்றி பெற்றிருந்ததால் அதே துள்ளலை எதிர்பார்த்தவர்கள், 1996 இல் வந்த இந்தக் கரடுமுரடான, கூச்சமும் தனிமையும் நிறைந்த ஒப்புதல்களைக் கேட்டு முகம் சுளித்தார்கள். அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனின் வாசகர்கள் அவ்வாண்டின் மிக மோசமான ஆல்பங்களுள் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாடல்களை எழுதிய ரிவர்ஸ் குவோமோவே சில ஆண்டுகள் அதை வெறுத்துப் பேசினார். ஆனால் அடுத்த தலைமுறை எமோ குழுக்கள் அதைத் தங்கள் பாடப்புத்தகமாகவே கொண்டன. சில ஆண்டுகளிலேயே அதே இதழின் வாசகர்கள் அதைச் சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த வரலாற்றை, ஆல்பத்தைக் கேட்பதற்கு முன் சொல்லாதீர்கள், கேட்டு முடித்த பின் சொல்லுங்கள்.

கேட்கும்போது ஒரே விதி: பேச்சு கூடாது. ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டு, எல்லோர் பார்வைக்கும் படும்படி ஒரு கடிகாரத்தை வையுங்கள். ஏதேனும் ஓர் இடம் மனத்தைத் தொட்டாலோ எரிச்சலூட்டினாலோ, பாட்டின் எண்ணையும் ஏறத்தாழ எந்த நிமிடம் என்பதையும் ஓரிரு சொற்களோடு குறித்துக்கொள்ளட்டும். இசைத்தட்டுக் காலத்து ஆல்பமாக இருந்தால், முதல் பக்கம் முடிந்ததும் தேநீருக்கு நிறுத்தலாம். பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) அப்படி இரண்டு பக்கமாகவே கட்டப்பட்டது, இரண்டாம் பக்கம் கல்லாப்பெட்டி ஓசையோடு தொடங்குவதன் அதிர்ச்சி அந்த இடைவெளிக்குப் பிறகுதான் முழுதாக உறைக்கும். குறுந்தகடு காலத்தில் வந்தவற்றை இடையில் நிறுத்த வேண்டாம்.

பேச்சைத் தொடங்குபவர், அந்த ஆல்பத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டவராக இருக்க வேண்டும். ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். இந்த ஒரு வரிசை முறையே பாதிச் சண்டையைக் குறைத்துவிடும். ஏனென்றால் தீவிர ரசிகர் முதலில் பேசினால் புதியவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் வேறொருவரிடம் தம் உண்மைக் கருத்தைச் சொல்வார். ஒருவர் ‘போர் அடிக்குது’ என்றால் அதை மறுக்காமல், ‘எந்த இடத்தில் தொடங்கியது?’ என்று மட்டும் கேளுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலைக் கேட்ட ஒருவர் ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று சொல்லலாம். குறிப்புத் தாளைப் பார்த்து அவர் ஓர் இடத்தைச் சுட்டியதும், அந்த இடத்தை மீண்டும் ஒலிக்கவிடுங்கள். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வெவ்வேறு தாளக் கணக்கில் சுற்றி வருவதையும், ஆல்பத்தின் சில பாட்டுகளில் டிரம்ஸ் வாசிப்பவரே டிரம்பெட்டும் ஊதியிருப்பதையும் அறிந்த ஒருவர் எடுத்துக்காட்டினால், முதலாமவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், அல்லது ‘நுட்பம் தெரிகிறது, ஆனாலும் பாட்டு என்னைத் தொடவில்லை’ என்று சொல்லலாம். இரண்டாவது பதில்தான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

ஆங்கிலப் பாட்டே கேட்காத அண்ணனோ சித்தப்பாவோ கூடத்தில் இருந்தால் அவரை வெளியே அனுப்பாதீர்கள். இளையராஜாவின் இடையிசையில் பேஸ் கிட்டார் எங்கே திரும்புகிறது என்று சொல்லக்கூடிய காது, எந்த ராக் ஆல்பத்தையும் கேட்கப் போதுமான காது. பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்தால் எல்லோருக்கும் உதவும். எமோ பாடகர்கள் உச்சத்தில் கத்தும்போது ஆங்கிலம் நன்கறிந்தவர்களுக்கே பாதிச் சொல் பிடிபடுவதில்லை.

எமோ ஆல்பங்களைப் பேசும்போது ‘எல்லாம் ஒரே அழுகை’ என்ற குற்றச்சாட்டு கட்டாயம் வரும். அதை எதிர்கொள்ள நம்மிடமே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நிலைக்களன்களை இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்காகப் பிரிக்கிறது: பிறரால் இகழப்படுவது, இழப்பது, பழைய நிலை கெட்டுத் தளர்வது, நுகரப் பொருளில்லாமை. ஆல்பத்தின் அழுகை இவற்றுள் எதிலிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு விடை எழுதச் சொல்லுங்கள். ‘பிங்கர்ட்டன்’ பெரிதும் இளிவு. தன்னைத் தானே இகழ்ந்துகொள்வது. அமெரிக்கன் ஃபுட்பால் அசைவு; கல்லூரிக் காலம் முடிந்து எல்லாம் குலைவதன் தளர்ச்சி. மை கெமிக்கல் ரொமான்ஸ் குழு 2006 இல் வெளியிட்ட ‘தி பிளாக் பரேட்’ வெளிப்படையாகவே இழவு. சாகக்கிடக்கும் ஒரு நோயாளியின் கதை, மருத்துவமனைக் கருவியின் துடிப்போசையில் தொடங்குகிறது, சாவு அவனுடைய மிக இனிய நினைவின் வடிவில், ஓர் ஊர்வலமாக வருகிறது. வறுமைக்கு எமோவில் எடுத்துக்காட்டுத் தேடினால் கூட்டம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில், இந்த இசையைப் பெரிதும் பாடியவர்கள் எந்த வர்க்கத்துப் பிள்ளைகள் என்ற கேள்வி தானாக எழும். அதைப் பேசவிடுங்கள்.

‘இது எமோவே அல்ல’ என்ற வழக்குக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். வாஷிங்டன் நகரத்து ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் வகையிலிருந்து 1980களின் நடுவில் கிளைத்த இசைக்கு அப்பெயர் வந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவின் 1985 ஆல்பம் அதன் தொடக்கங்களுள் ஒன்று. அப்பெயரை முதலில் சுமந்தவர்களே அதை விரும்பவில்லை; இருபது ஆண்டுக்குப் பின் மை கெமிக்கல் ரொமான்ஸின் பாடகர் ஜெரார்ட் வேயும் அதை மறுத்தார். அவர்களே ஏற்காத ஒரு பெயருக்காக நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்ளத் தேவையில்லை.

இத்தகைய பாட்டுகள் சிலருக்கு ஆறுதல், சிலருக்குப் பழைய புண். ஒருவர் பேச்சில் பாட்டைவிடச் சொந்தத் துயரம் கனத்துவிட்டால், ஆல்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு தனியாகப் பேசுங்கள். தேவைப்பட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 ஐக் கொடுங்கள்.

கூட்டம் கலைவதற்கு முன் ஆளுக்கு ஐந்து வரி எழுதி வாங்கி ஒரு நோட்டில் ஒட்டுங்கள். மதிப்பெண் வேண்டாம், பத்துக்கு ஏழு என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் பேச முடியாது. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்கட்டும். அடுத்த மாத ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, அன்றைய ஆல்பம் யாருக்கு அறவே பிடிக்கவில்லையோ அவருக்கே கொடுத்துவிடுங்கள். அவர் உறுமலும் இரைச்சலுமான டெத் மெட்டல் இசையைக் கொண்டுவந்தாலும் கடைசிப் பாட்டு வரை வாய் திறக்காமல் கேட்க வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு.