ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின்: தரை நனையாமல் பம்ப் ஃபில்டரைக் கழற்றுவது எப்படி?

ஃபிரன்ட் லோடு மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். பெரும்பாலும் வலது பக்கம். அதற்குள் இருப்பதுதான் வடிகால் பம்ப்பின் ஃபில்டர். நூல் பிசிறு, தலைமுடி, சட்டைப் பொத்தான், பையில் மறந்த நாணயம் எல்லாம் இங்கேதான் வந்து சேரும். தண்ணீர் முழுதும் இறங்க வேண்டுமென்றால் பம்ப் தாழ்வாக இருந்தே ஆக வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல மெஷின்களில் ஃபில்டரின் வாய்க்குக் கீழே ஒரு கிண்ணம்கூட நுழையாது. திறந்தால் மிச்சத் தண்ணீர் அத்தனையும் தரையில்தான். இதற்குப் பயந்தே பலர் மெஷின் நின்றுபோகும்வரை அதைத் தொடுவதில்லை.

சுழற்சி முடிந்தும் துணி சொட்டச் சொட்ட வருகிறதா? டிரம்மில் தண்ணீர் தேங்குகிறதா? பம்ப் உறுமினாலும் வெளிக்குழாயில் தண்ணீர் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள். கோளாறு இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறப்பது நல்லது. வீட்டில் நாய், பூனை இருந்தால் மாதம் ஒருமுறை.

பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயை மூடுங்கள். சூடான நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள்; 60 டிகிரி தண்ணீர் கையில் பட்டால் வெந்துவிடும்.

அடுத்தது தண்ணீரை வெளியேற்றுவது. முக்கியமான வேலை இதுதான். மூடிக்குள் ஃபில்டருக்குப் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் இருந்தால், அதை இழுத்துத் தட்டில் வைத்து நுனி அடைப்பானைக் கழற்றுங்கள். தட்டு நிரம்பியதும் அடைத்துவிட்டு, கொட்டிவிட்டு வாருங்கள். டிரம்மில் தண்ணீர் நின்றால் பல லிட்டர் வரும், பொறுமை வேண்டும். அந்தக் குழாய் இல்லாத மெஷினில், பின்பக்கம் உயரே மாட்டியிருக்கும் வடிகால் குழாயைக் கழற்றித் தரையளவுக்குத் தாழ்த்துங்கள். பெரும்பகுதி தானே இறங்கிவிடும். ஃபில்டர் நன்றாக அடைத்திருந்தால் மெதுவாகத்தான் வரும். எப்படிச் செய்தாலும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். அதற்குக் குப்பை அள்ளும் தட்டையான முறமும் இரண்டு பழைய துண்டும் போதும்.

ஃபில்டரை இடப்பக்கமாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் உடனே திரும்ப இறுக்கலாம். முழுதாகக் கழற்றிவிட்டால் அந்த வசதி போய்விடும். திருகு நகரவே இல்லையென்றால் மரையில் சோப்புக் கசடு இறுகியிருக்கும், அல்லது உள்ளே ஒரு கம்பியோ ஹேர்பின்னோ மாட்டியிருக்கும். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். பிளையரால் பிடிப்பதானால் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் பிடி சட்டென்று உடையும்.

ஃபில்டரை வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அதன் ரப்பர் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டார்ச் அடித்துக் குழிக்குள் நோக்கினால் பம்ப்பின் சிறு விசிறி தெரியும். அதன் அச்சில் சுற்றிய முடியை இடுக்கியால் எடுங்கள். விரலால் திருப்பினால் விசிறி தடுக்கித் தடுக்கிச் சுற்றும். அது கோளாறல்ல, மோட்டாரின் காந்தம் இழுப்பது. சுத்தம் செய்த பிறகும் அசையாவிட்டால் பம்ப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

திரும்பப் பொருத்தும்போதுதான் பலரும் தவறுவார்கள். மரை கோணலாக ஏறினால் அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த துவைப்பில் கசியும். நேராக வைத்து, இறுகி நிற்கும்வரை கையாலேயே திருப்புங்கள். சோப்பு டிராயர் வழியாக ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடிப் பக்கம் சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். வடிகால் குழாயைத் தாழ்த்தியிருந்தால் அதற்கு முன்பே பழைய உயரத்தில் மாட்டிவிடுங்கள். மறந்தால் உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வெளியேறும்.

கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் கீழ் மடிப்பையும் அப்போதே துடைத்துவிடுங்கள். மெஷினுக்குள் தண்ணீர் மெதுவாக ஏறினால், உள்வரும் குழாய் மெஷினோடு சேரும் இடத்திலுள்ள சல்லடையைப் பிளையரால் இழுத்துக் கழுவுங்கள். இது பின்பக்கம் இருப்பதால் மெஷினையே நகர்த்த வேண்டும். பல மெஷின்கள் 60 கிலோவுக்கு மேல் இருக்கும், இருவராகச் செய்யுங்கள்.

புது மெஷின் வாங்குவதானால் கடையிலேயே அந்தச் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரை வெளியேற்றும் அந்தச் சிறு ரப்பர் குழாய் உள்ளதா, ஃபில்டருக்குக் கீழே தட்டு நுழையுமா என்று கவனியுங்கள். சில மாடல்களில் முன்பக்கம் ஃபில்டரே கிடையாது. பம்ப்பைத் தொட அடிப்பக்கத்தையோ பலகையையோ கழற்ற வேண்டும். வேறு வழியிருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.